ஒன்பதாம் தேதிக் கட்டு

நவம்பர் 24

நான் எழுதாவிட்டால் என் மனைவி ஹெலன் எழுதிவிடுவாள் என்ற பயத்தில் நானே எழுதிவிடுகிறேன். இன்று காலை, ஆபீசில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும், ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில், என் கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். அந்தக் கடவுச்சொல் எதிர்வீட்டுப் பங்கஜம் டீச்சரின் பெயர். பின்னால் அவருடைய ஸ்கூட்டர் நம்பர்.

தப்பு என்னுடையது இல்லை. அந்தக் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லை அடித்தால் ஒரு புள்ளிகூடத் தெரியாது. நான் கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்தேன். அழுத்தி அடித்தேன். கவிழ்த்துத் தட்டினேன், முறுக்குத் துணுக்கு விழுந்தது. சென்னையிலிருந்து ஃபோனில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வெண்மதி, "என்ன சார் அடிச்சீங்க?" என்றாள். சொல்லிவிட்டேன்.

"பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியாது சார். உள்ள போயிட்டுதான் இருக்கும்."

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா."

"நீங்க வாய்விட்டுச் சொல்வீங்கன்னு நினைக்கல சார்."

எங்கள் ஆபீஸ் கணக்கரின் தங்கை ஹெலனோடு பாடகர் குழுவில் இருக்கிறாள். நான் பஸ் பிடித்து வடசேரியைத் தாண்டுமுன் செய்தி வீட்டைத் தாண்டிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் ஹெலன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஸ்கூட்டர் நம்பர்கூடவா தெரியும்?"

ஐம்பத்துமூன்று வயதில், நாகர்கோவில் நகைச்சுவை மன்றத்தில் ஒருவழியாகச் செயலாளர் பதவி வரை வந்த மனிதனுக்கு இந்தக் கதி ஏன் என்றால், வேலை அப்படி. மீனவர்கள் வள்ளத்திலிருந்து ஒயர்லெஸ் செட்டில் பேசுவதைப் பதிவுசெய்து தருவார்கள். நான் கேட்டு எழுத வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான பேச்சைப் படித்த பிறகு, ஆபத்தில் இருப்பவன் குரல் எது என்று இயந்திரம் தானே தெரிந்துகொண்டு கரையில் மணி அடிக்குமாம். நல்ல காரியம். எனக்குப் பிடித்ததோ அதிலுள்ள ஊர்வம்பு. எவன் எவனிடம் மீன் கிடைத்த இடத்தை மறைக்கிறான், எவன் மாமியாருக்குப் பயந்து கடலிலேயே இன்னொரு நாள் தங்குகிறான், எல்லாம் என் காதுக்கு வந்துவிடும். சம்பளம் கொடுத்து ஒட்டுக்கேட்கச் சொல்லும் உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையன் போன மாதம் பெங்களூருக்குப் போய்விட்டான். பதிவுகள் எல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் இப்போது டிக் டிக் என்கிறது. அது சாகுமுன் எல்லாவற்றையும் தூரத்துச் சேமிப்புக்கு ஏற்ற வேண்டும். ஆபீசில் மூக்குக்கண்ணாடி போட்டவன் நான் ஒருவன்தான். அந்தத் தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நவம்பர் 25

வெண்மதிக்குப் பொறுமை அதிகம். சைக்கிள் ஸ்டாண்டை வைத்து விளக்கினாள். பதிவுகள் என்கிற பெரிய சரக்கு தூரத்தில் ஒரு கிடங்கில் இருக்கும். நம் கையில் அதற்கான டோக்கன் மட்டும். 'புஷ்' என்றால் சரக்கு அங்கே போகும். 'புல்' என்றால் டோக்கனைப் பார்த்து அங்கிருந்து வரும். ஒரு நாளின் பதிவு ஒரு கட்டு; எந்த நாளின் கட்டு வேண்டுமோ அந்த நாளின் கட்டு, அப்படியே.

"கிடங்கு எங்கே இருக்கிறது?"

"எங்கயோ சார். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்ன செய்யப்போறீங்க?"

இறைவனைப் பற்றி ஞாயிறு வகுப்பில் நான் கேட்டதற்கும் இதே பதில்தான் கிடைத்தது.

நவம்பர் 26

கிடங்கின் முகவரியில் ஒரு சாய்கோடு குறைவு. நாள் முழுக்கப் போயிற்று.

நவம்பர் 27

ஏறிவிட்டது. முழுச் சரக்கும். திரையில் ஒரு கோடு மெல்ல நீண்டு நூறு என்று நின்றபோது நான் கைகூப்பியதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம்.

சோதனைக்காக ஒரு கட்டை நம் பக்கம் அழித்துவிட்டு, கிடங்கிலிருந்து திரும்ப இழுக்கச் சொன்னாள் வெண்மதி. இருப்பதிலேயே சின்னதாக, ஆறே கோப்பு உள்ள கடைசிக் கட்டைத் தேர்ந்தெடுத்தேன். அழித்தேன். அந்த இடத்தில் ஒன்றுமில்லை. இழுத்தேன். ஆறும் வந்து உட்கார்ந்தன, போகவே இல்லை என்பது போல. செத்தவன் எழுந்து வந்து காப்பி கேட்ட மாதிரி இருக்கிறது என்றேன். வெண்மதி சிரித்தாள். மன்றத்தில் சொல்ல வேண்டும்.

நவம்பர் 30

சின்னக்குருசடி போனேன். கடற்கரையில், கோவிலுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறைதான் எங்கள் ஒயர்லெஸ் நிலையம். அங்கே இணைய வசதி கிடையாது. செட்டில் பேச்சு வந்தால் அங்குள்ள கம்ப்யூட்டர் தானே பதிவு செய்யும். அன்றன்றைய பதிவைத் தானே கட்டாகக் கட்டி எண் போட்டுக்கொள்ளும். அவ்வப்போது நான் பஸ்ஸில் போய் டிஸ்க்கில் அள்ளிக்கொண்டு வருவேன். இன்று டிஸ்க்கை ஆபீசிலேயே மறந்துவிட்டுப் போனேன்.

அறையைப் பார்த்துக்கொள்வது ஜெரால்டின். முப்பது வயது, கணவர் துபாயில், வாய் இங்கே. "வாங்க துரை சாரே. பங்கஜம் டீச்சருக்குச் சுகந்தானா?" என்றாள். நாகர்கோவிலிலிருந்து சின்னக்குருசடிக்குப் பஸ் ஒன்றரை மணி நேரம். வம்புக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஊரில் எல்லா வீட்டிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குகிறது, ஒன்றில் தவிர. நவம்பர் பதினான்காம் தேதிப் புயலில் இந்த ஊர் வள்ளங்கள் எல்லாம் திரும்பிவிட்டன, ஒன்று தவிர. அதில் போனவர்கள் இருவர். சைமன் என்பவர் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது. இன்னொருவர் சேசடிமை. வள்ளமும் இல்லை, அவரும் இல்லை. வாரக்கணக்கில் தேடி ஓய்ந்துவிட்டார்கள். துக்க வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள்.

"கிளாடிஸ் அக்கா சம்மதிச்சிட்டாவ," என்றாள் ஜெரால்டின். கிளாடிஸ் சேசடிமையின் மனைவி. "ஏழாந்தேதி அடக்கப் பூசை. பெட்டிக்குள்ள சட்டையை வச்சி. அவருக்க அண்ணன் லாரன்ஸுதான் பேசிப் பேசிச் சம்மதிக்க வச்சாரு. ஆளு இருக்காரா இல்லியான்னு தெரியாம எத்தன நாளு ஒலையில அரிசி போடுவா, சொல்லுங்க."

ஒவ்வொரு நாளும் அவருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாளாம்.

டிசம்பர் 2

அக்டோபர்க் கட்டுகள் எழுதப்படாமல் மலைபோல் கிடக்கின்றன. நான் என்ன செய்தேன், ஆறே கோப்பு உள்ள அந்தக் கடைசிக் கட்டை எடுத்தேன். ஒரு கட்டு முடித்தேன் என்று மாலை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் அல்லவா.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நல்ல வெயில். தெருவில் கத்தரிக்காய் வண்டிக்காரர் கூவுகிறார். முதல் ஐந்து கோப்பிலும் வெறும் கரகரப்பு. ஆறாவதிலும் முதலில் கரகரப்புதான். பிறகு அது அடங்கிப் பின்னால் தண்ணீர் தெரிந்தது, வள்ளத்தின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டும் தண்ணீர். எஞ்சின் சத்தம் இல்லை. ஒரு ஆண் குரல்.

வேலை என்பதால் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன்:

"கரை, கரை. கேக்குதா. சேசடிமை பேசுதேன். இஞ்ச காத்து ஒண்ணும் இல்ல. கடலு கண்ணாடி போல கெடக்கு. ஒரு வள்ளத்தையும் காணல்ல. எல்லாரும் எஞ்ச போனிய? செட்டுல ஒருத்தருக்க சத்தமும் இல்லியே. கரை, கேக்குதா. கிளாடிசுட்ட சொல்லுங்க, நான் வாறேன்னு. கேக்குதா."

அப்புறம் தண்ணீர். அப்புறம் முடிந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். பேசியது காதில் மாட்டிய ஹெட்ஃபோனுக்குள். நான் திரும்பியது கதவுப் பக்கம். ஏன் என்று கேட்டால் தெரியாது.

எழுதி முடித்ததும் வழக்கமாக ஒரு கேள்விக்குப் பதில் குறிக்க வேண்டும்: ஆபத்துக் குரலா, இல்லையா. அந்தக் குரலில் பதற்றமே இல்லை. கடைத்தெருவில் கூட்டம் ஏன் குறைவு என்று விசாரிக்கிற தொனி. 'இல்லை' என்று குறித்தேன்.

டிசம்பர் 3

இன்று அந்தக் கோப்பின் மேல் உள்ள தேதியைப் பார்த்தேன்.

நவம்பர் 27.

புயலுக்குப் பதின்மூன்று நாள் கழித்து.

ஒருவரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இது ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஜெரால்டினிடம் மட்டும் ஃபோனில் சொன்னேன், அது ஆபீஸ் விஷயம். ஹெலனிடம் சொன்னேன், அவள் என்னில் பாதி. கீழே டீக்கடையில் சொன்னது கணக்கில் வராது, கடைக்காரருக்குக் காது மந்தம். கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 4

காலையில் நான் போகுமுன்பே கிளாடிஸ் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கூட லாரன்ஸ், நின்றபடி.

என் ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு அது பெரிதாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று தண்ணீரெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அவர் பேசிய இடங்களில் அல்ல, அவர் நிறுத்திய இடங்களில். பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று மூன்றாவது தடவை போட்டபோதுதான் விளங்கியது.

கழற்றிவிட்டுக் கேட்டாள்: "சைமனுக்க இருமல் எஞ்ச?"

"என்ன அம்மா?"

"சைமனுக்கு எப்பவும் இருமல் உண்டு சாரே. பீடி இருமல். அவரு செட்டுல பேசினா பொறத்தால அது கேக்கும். இதுல கேக்கல்ல."

லாரன்ஸ் சொன்னார்: "இது பழய பேச்சா இருக்கும், அவன் ஒறங்கியிருப்பான். நீ சும்மா இரி."

"எந்தத் தேதி இது?"

திரையில் காட்டினேன். விரலை வைத்துப் படித்தாள். "அப்ப, ஏழு நாளுக்கு முன்ன இருந்தாரு." இதை என்னிடம் சொல்லவில்லை, லாரன்ஸிடம் சொன்னாள். குரலில் 'பார்த்தாயா' என்பது இருந்தது. லாரன்ஸ் வெளியே போய் வள்ளக்காரர்களை ஃபோனில் கூப்பிட ஆரம்பித்தார்.

அவள் ஃபோனில் அந்தப் பதிவை ஏற்றிக் கொடுத்தேன். விதிப்படி கூடாது. போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் ஒட்டுக்கேட்பால் ஒருவருக்கு நன்மை வந்திருக்கிறது. மாலையில் டீக்கடையில் நான் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

டிசம்பர் 5

ஏழு வள்ளம் போயிருக்கிறது. ஊரே டீசல் போட்டது. பங்குச்சாமி பூசையைத் தள்ளி வைத்துவிட்டார். ஜெரால்டின் ஃபோனில் சொன்னாள், கிளாடிஸ் வீட்டில் நட்சத்திரம் கட்டியாயிற்று. சிவப்பு. ஊரிலேயே பெரியது. லாரன்ஸின் பிள்ளைகள் ஏணி பிடித்தார்களாம்.

"துரை சாருக்குக் கோயில்ல ஒரு பூசை சொல்லியிருக்காவ," என்றாள்.

"உயிரோடு இருக்கும்போதேவா?"

"ஒங்களுக்குத்தான சாரே. கடவுளு பாத்துக்கிடுவாரு."

டிசம்பர் 6

செய்தி இல்லை.

டிசம்பர் 7

செய்தி இல்லை. கடல் சரியில்லை என்கிறார்கள். ஹெலன் கேட்டாள், "வள்ளத்தில் போனவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு தானே?" நான் பேப்பர் படித்தேன்.

டிசம்பர் 8

வெண்மதியிடம் இதை இன்று சொன்னேன். பெருமைக்குத்தான் சொன்னேன், மறைப்பானேன். உன் கிடங்கு ஒரு உயிரைக் காட்டிக்கொடுத்திருக்கிறது அம்மா, என்று ஆரம்பித்து, நடுநடுவே நிறுத்தி, மன்றத்தில் சொல்வது போலவே சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, ஐயோ என்று சொல்லவும் இல்லை.

"சார், அந்தக் கட்டை நீங்க எப்ப புல் பண்ணீங்க?"

"எந்தக் கட்டை?"

"அந்த ஆறு ஃபைல் கட்டை. அழிச்சுட்டு திரும்ப இழுத்தோமே, டெஸ்டுக்கு."

இந்த நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். புரட்டாமலே தெரிந்துவிட்டது.

"கிடங்கிலேர்ந்து இழுக்கிற நாள்தான் சார் ஃபைல் மேல விழும். அது பதிவான நாள் இல்ல. பதிவான நாள் வேணும்னா வரலாறு பார்க்கணும். நான் சொல்ற மாதிரி அடிங்க."

அடித்தேன். கறுப்புத் திரையில் கட்டுகள் வரிசையாக இறங்கின. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அந்தக் கடற்கரை அறையில் அது கட்டப்பட்ட தேதி. கடைசி வரி, ஆறு கோப்பு: நவம்பர் 9.

"புயல் என்னிக்கு சார்?"

"பதினான்கு."

"அப்ப அஞ்சு நாள் முன்னாடி பேசினது. புயல் நாள் கட்டே இல்ல பாருங்க, ஒன்பதோட நின்னிருக்கு. மெஷின் அதுக்கப்புறம் படுத்துடுச்சு போல."

புயல் வருமுன்பே படுத்துக்கொள்ளும் இயந்திரம், என்னைப் போல, என்றேன். பழக்கதோஷம். வாய் அதுபாட்டுக்குச் சொல்கிறது.

இது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது. காற்றில்லாத கடல், பதற்றமில்லாத குரல், சும்மா ஒரு நாள், செட்டில் ஆள் இல்லாத நேரம். பயப்பட ஒன்றுமில்லை. நான்தான் டோக்கனில் அடித்த முத்திரையைச் சைக்கிள் வாங்கிய தேதி என்று படித்துவிட்டேன்.

ஏழு வள்ளமும் மாலையில் திரும்பிவிட்டன. வெறுங்கையோடு. எல்லோரும் பத்திரம். அதற்கு ஹெலன் முழங்காலில் நின்றாள். நானும் நின்றேன், அவள் பார்க்காதபோது.

டிசம்பர் 9

நேரில் போய்ச் சொன்னேன். ஃபோனில் சொல்லலாம் என்று ஹெலன் சொல்லவில்லை. நானாகக் கேட்டும் சொல்லவில்லை.

கிளாடிஸ் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். இழுப்பது, முத்திரை, வரலாறு என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டாள்:

"அப்ப அது போறதுக்கு முன்ன பேசினதா?"

"ஆமா அம்மா. நவம்பர் ஒன்பது."

"ஒம்பதாந்தேதி கடலுக்குப் போனாரா?" யோசித்தாள். "போயிருப்பாரு. போவாத நாளு உண்டா." கையைத் துடைத்துக்கொண்டாள். "கடலு கண்ணாடி போலன்னு அவரு சொல்லி நான் கேட்டதே இல்ல சாரே. இருவது வருசத்துல ஒருக்காகூட."

மீன் சட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

ஏணி இன்னும் சுவரில்தான் சாய்ந்திருந்தது. அவளே ஏறினாள். நட்சத்திரத்தை அவிழ்த்து, பல்பைக் கழற்றி, காகிதத்தை மடித்துவைத்தாள், அடுத்த வருடத்துக்குப் போல.

லாரன்ஸ் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாரே, அவ ஃபோனுல இருந்தத நான் அழிச்சிட்டேன்," என்றார். "பகலெல்லாம் அதுக்குப் பதிலு சொல்லிட்டே இருக்கா. சமையலு செய்யும்போ, துணி தொவைக்கும்போ. பிள்ளையளு பயப்படுது. ஒங்கட்ட இருக்கதையும் அழிச்சிருங்க. எஞ்சயும் இருக்கப்படாது. இருக்குன்னு தெரிஞ்சா ஒங்க ஆபீசுக்கு வந்து உக்காந்துருவா."

சரி என்றேன்.

டிசம்பர் 11

காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோப்பை அழித்தேன். கட்டில் ஐந்துதான் மிச்சம். எண்ணிப் பார்த்தேன்.

மதியம் ஜெரால்டின் ஃபோனில் கேட்ட ஏதோ ஒரு கணக்குக்காக எல்லாக் கட்டையும் புதிதாக இழுத்தேன். அக்டோபர்க் கட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, அது முடிந்து, அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது.

"கரை, கரை. கேக்குதா."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேஜையில் போட்டேன். மேஜையிலிருந்தும் கேட்டது, கொசு அளவுக்கு. ஒருத்தருக்க சத்தமும் இல்லியே. கணக்கர் எட்டிப் பார்த்து, "என்ன துரை சார், பாட்டா?" என்றார்.

பட்டியலில் ஆறு. மேலே இன்றைய தேதி.

அரை நிமிடம் கழித்துத்தான் சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. நான் அழித்தது நம் பக்கத்து நகலை. டோக்கன் இருக்கிறவரை கிடங்கு கொடுத்துக்கொண்டே இருக்கும். அதுதானே அதன் தொழில். கேட்டால் தரும். எத்தனை தடவை அழித்தாலும், அழிக்கவில்லை என்பது போலத் தரும். விளங்கிவிட்டது. விளங்கியும் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

டிசம்பர் 12

வெண்மதியிடம் கேட்டு முறைப்படி செய்தேன். வரலாற்றில் அந்த டோக்கனைக் கிழித்துவிட்டு, டோக்கன் இல்லாத சரக்கைக் கிடங்கிலிருந்து வெளியேற்றும் கட்டளை. அதற்கு முன் ஆபீசில் இருந்த பழைய டிஸ்க்கிலும் துடைத்தாயிற்று. கடற்கரைக் கம்ப்யூட்டரில் நான் டிஸ்க்கில் அள்ளியதும் பழையது தானே அழிந்துவிடும்.

"நிச்சயமா சார்?" என்றாள். "இதுக்கப்புறம் என்னாலயும் எடுக்க முடியாது."

கறுப்புத் திரையும் அதையே கேட்டது. ஆம் என்றால் 'ஒய்', இல்லை என்றால் 'என்'.

குடும்பம் கேட்டது, கொடுத்தேன். ஒய் அடித்தேன். ஒரு கோடு நீண்டு நின்றது. சோதனைக்கு இழுத்துப் பார்த்தேன். ஐந்து.

கட்டின் வரி மட்டும் வரலாற்றில் இருக்கிறது: நவம்பர் 9.

டிசம்பர் 15

அடக்கப் பூசை நடந்தது. பெட்டிக்குள் ஒரு வெள்ளைச் சட்டையும், வேட்டியும், அவருடைய ஜெபமாலையும். பெட்டியைத் தூக்கிய நால்வரும் கனமான பெட்டியைத் தூக்குவது போலத்தான் தூக்கினார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. கிளாடிஸ் மண் போட்டாள். நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வந்ததற்கு நன்றி என்பது போல.

ஜெரால்டின் சொன்னாள், நேற்று அவள் ஒருவருக்குக் குறைத்து அரிசி போட்டாளாம்.

திரும்பும் வழியில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஹெலன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

டிசம்பர் 18

மன்றக் கூட்டம். பங்கஜம் டீச்சர் கதையை நானே சொன்னேன். நல்ல கைதட்டல். பங்கஜம் டீச்சரும் வந்திருந்தார்.

டிசம்பர் 22

அக்டோபர் முடிந்தது. ஒழுங்காக வரிசைப்படி எழுதுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு கட்டுக்கும் வரலாற்றில் தேதி பார்த்து, தலைப்பில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். வெண்மதிகூட மெச்சினாள்.

இன்று காலை எடுத்தது வரலாற்றில் நவம்பர் 3 என்றிருந்த கட்டு. பெரியது. முதல் கோப்பைத் திறந்ததும் காதில் அறைந்த மாதிரி காற்று. மழை. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. அதற்கு மேலே ஜெரால்டினின் குரல், இதுவரை நான் கேட்காத குரல்: "எல்லாரும் கரைக்கு வாங்க. யாரும் நிக்காதிங்க, கரைக்கு வாங்க. சேசடிமை அண்ணே, எஞ்ச இருக்கிய, சொல்லுங்க." பின்னால் ஒருவர், "காணல்ல, ஒண்ணும் காணல்ல," என்கிறார். அவருக்குப் பின்னால் யாரோ விடாமல் இருமுகிறார்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி புயல் கிடையாது. அன்று எங்கள் மாடியில் ஹெலன் வற்றல் காயப்போட்டாள்.

முழுக்கட்டையும் கேட்டேன். பிறகு ஜெரால்டினைக் கூப்பிட்டேன்.

"உன் கம்ப்யூட்டரில், கீழே மூலையில், இன்றைக்கு என்ன தேதி போட்டிருக்கிறது?"

"இருங்க பாக்கட்டு." நாற்காலி நகர்ந்தது. "டிசம்பர் பதினொண்ணு." சிரித்தாள். "அது எப்பவும் அப்படித்தான் சாரே. அந்தப் பெரிய மழைக்கு, அக்டோபர்ல, பத்துப் பதினோரு நாளு கரண்டு இல்லாம பூட்டிக் கெடந்துதே. அப்ப நின்ன மணி. கரண்டு வந்ததும் விட்ட எடத்துலேருந்து ஓடிச்சி. நமக்கு என்ன, சத்தம் பிடிச்சாப் போராதா. ஏன், திருத்தணுமா?"

வேண்டாம் என்றேன்.

வரலாற்றைத் திரும்பத் திறந்து பார்த்தேன். புயல் மூன்றாம் தேதிக் கட்டில் இருக்கிறது. அவர் பேசியது ஒன்பதாம் தேதிக் கட்டில், புயலுக்கு ஆறு நாள் கழித்து.